பூனையின் நிறம்

அருமனை வீட்டை மறுபடி கட்டுகிறேன்,
இரவு பத்துக்குப் பிறகு,
மார்த்தாண்டத்தில் வாடகை மாடியில்,
ஒரு மவுசும் இரண்டு திரையும் கொண்டு.

வாங்கியவர் இடித்து நிரத்தி
ரப்பர் தைகளுக்கு இடையே அன்னாசி நட்டுவிட்டார்.
என்னிடம் மிஞ்சியவை ஏழு போட்டோ.
ஐந்து, ஷைனியின் திடப்படுத்தல் அன்று எடுத்தவை.
எல்லாவற்றிலும் சுவருக்கு முன்னால்
யாராவது நிற்கிறார்கள்.
சுவர்தான் எனக்கு வேண்டும்.

கேம் செய்கிறவர்களிடம் ஒரு விதி உண்டு:
ஆளை வைக்காதே, ஆள் விட்டுப்போனதை வை.
மெத்தை ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தால் போதும்,
விளையாட வருகிறவன் தானே கணக்குப் போடுவான்
எத்தனை பேர் உறங்கினார்கள் என்று.

அதனால் அப்பா இல்லை. கொடியில் ஷீட்டு காய்கிறது,
பதினாறு.
அம்மை இல்லை. ரோலரின் கைப்பிடியில்
அவள் பழைய பாவாடை நாடா சுற்றியிருக்கிறது.
ஓட்டில் மழை விழும் சத்தம் எளிதாகக் கிடைத்தது.
ஒட்டுப்பால் நாற்றத்துக்குத்தான்
இன்னும் ஒரு வழியும் இல்லை.

புகைப்புரையை ஒட்டி முற்றம் பார்த்த அறை.
கதவுக்கு முன்னால் எவர்சில்வர் தட்டு, விளிம்பு நசுங்கியது.
அது என் வேலை. காலையும் அந்தியும்
அம்மை சோறு போட்டுத் தருவாள்:
"பூனைக்கு வச்சிட்டு வா."
கதவின் அடிப்பலகையில் தட்டு நுழையுமளவு வெட்டியிருந்தது.
எனக்கு ஆறு வயது. தள்ளிவிட்டு ஓடி வருவேன்.
அடுத்த நேரம் போனால்
தட்டு வெளியே கிடக்கும், துடைத்ததுபோல.

வீடு முடிந்தது. பூனைதான் வரவில்லை.
கறுப்பா, செவலையா, வாலில் வரி உண்டா,
மஸ்கட்டில் இருக்கும் ஷைனியிடம் கேட்டு
வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
நீல டிக் விழுந்தது. மூன்று நாள் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை, மகனுடைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
அவளே உள்ளே வந்தாள்.
போனில் அவள் மூச்சு. என் திரையில் அவள் பார்வை
ஒரு வெள்ளைப் புள்ளி.
ரோலர், கொடி, அடுக்களை.
"பல்லி வரைக்கும் வச்சிருக்கியே" என்று சிரித்தாள்.
புள்ளி முற்றத்தைக் கடந்து
அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது.

நின்றது.

"கொண்டி உள்ள இல்ல லே. வெளியில.
மேல, ஒனக்கு எட்டாது."
பிறகு மெதுவாக,
"நம்ம வீட்டுல பூனையே கெடையாது.
ரோஸ்லெட் மாமி."

ரோஸ்லெட் மாமி வேலூரில் நர்சிங் படிக்கப் போனவள்.
அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனவள்.
எனக்குச் சொன்னது அப்படித்தான். நான்
என் மகளுக்குச் சொன்னதும்.

கொண்டியைத் தேர்ந்து கதவின் மறுபக்கம் இழுத்தேன்.
ஒரே அசைவு.
வீட்டில் வேறெதுவும் மாறவில்லை.
பதினாறு ஷீட்டும் காய்ந்துகொண்டே இருந்தன.

அந்த அறைக்குள் நான் ஒன்றும் செய்திருக்கவில்லை,
ஒருநாளும் போகாததால்.
கேமராவை உள்ளே நகர்த்தினால் தரையில்லாத சாம்பல் நிறம்.
அதில் நின்று கதவைத் திரும்பிப் பார்த்தேன்.
அடியில் வெட்டிய இடத்தில்
ஒரு சாண் முற்றம்.

ஆளை வைக்கக் கூடாது.
ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு செய்தேன், ஆறு வயது அளவில்.
கதவைப் பார்த்து வைத்தேன்,
அந்தச் சாணுக்குள் தெரியும்படி.

ஷைனி வெகுநேரம் பார்த்தாள்.
"திருப்பி வையி" என்றாள்.
"நீ ஓடிப்போவ."