மூன்றாவது குழாய்

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்.
உதேனா ஊரில் பாதி, ஏரியில் கிடந்தது.
மீதிப் பாதி
குழந்தைகள் வார்டில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் குத்துகிறது என்றான் உக்னியுஸ், ஒன்பது வயது.
மோவாயை நெஞ்சில் வை என்றார் டாக்டர் ஸ்கிர்மாந்தே.
கழுத்து மாட்டேன் என்றது.
பிள்ளைகள் தலை குனியாத வாரம் அது.
பதினேழு பேர். ஒருவரும் குனியவில்லை.

இறால்போல வளைத்துப் பிடிக்க ஒரு நர்ஸ்,
காதோரம் கூடைப்பந்து பற்றிப் பேச இன்னொருத்தி,
இடுப்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசி.
சொட்டுச் சொட்டாய் மூன்று குழாய்கள்.
மூன்றாவது கீழ்த்தளத்துக்கு, என்னிடம் வரும்.

இரவுப் பணியில்
குழாயைச் செய்தித்தாளின் மேல் பிடித்துப் பார்ப்பது
என் பழைய பழக்கம்.
எழுத்து மங்கினால் பாக்டீரியா,
ஓட வேண்டும், எல்லாரையும் எழுப்ப வேண்டும்.
உக்னியுஸின் நீர் வழியே
உருளைக்கிழங்கு விலையைப்
புள்ளி பிசகாமல் படித்தேன்.
பிறகு கட்டங்களுக்குள் எண்ணினேன்.
இருநூற்றுப் பத்து அணுக்கள். சர்க்கரை சரி.
குடலில் குடியிருக்க வேண்டியது
வழி தவறி மூளையின் உறைக்கு ஏறியிருக்கிறது.
அதற்குப் பெயர்கூட ஒழுங்காக இல்லை,
எக்கோ, பிறகு ஓர் எண்.

பதினொன்றாவது குழாயில் என் வீட்டுப் பெயர்.
எங்கள் மொழியில் மனைவிக்கு ஒரு விகுதி, மகளுக்கு ஒன்று.
விகுதியைப் பார்த்த பிறகுதான்
ஸ்மில்தே என்று புரிந்தது.
தொலைபேசிக்கு முன்னால் குழாய் வந்துவிட்டது.

பகலில் நான் தூங்க வேண்டுமே,
ஏரிக்குப் போ என்று
ஐந்து யூரோ கொடுத்து அனுப்பியது நான்தான்.

தாளை விரித்தேன். எழுத்து கலங்கியது.
நீர் கலங்கலா, கண் கலங்கலா,
சொல்லத் தெரியவில்லை.
வாசல் காவலர் ப்ரோனியுஸைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:
"விற்பனைக்கு. ஆண்கள் சைக்கிள். ஒரு பெடல் கிடையாது."
இன்னொரு தடவை என்றேன்.
"ஒரு பெடல் கிடையாது."

மருந்து என்று எதுவும் இல்லை இதற்கு.
இருட்டு, தண்ணீர், வலி மாத்திரை, காத்திருப்பு.
ஏரிக்கரையில் தடைப் பலகை நட்டார்கள்,
வாத்துகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்தன.
நான் கை கழுவிக் கழுவி விரலிடுக்கு வெடித்தது.

ஐந்தாம் நாள்
கால் கட்டைவிரலில் நகப்பூச்சு உரிந்திருப்பதை
ஸ்மில்தே
குனிந்து பார்த்தாள்.