எட்டாம் மேசை

எட்டாம் மேசைக்கு மேலே ஏ.சி. ஒழுகுகிறது
என்று கூப்பிட்டார்கள்.
பிஷப் தெருவுக்குப் பின்சந்து, காலை பதினொன்றே கால்.
ஏணியை உள்ளே கொண்டுபோக
இரண்டு பூச்சாடிகளையும்
சுவரோரம் சாய்த்திருந்த ஒரு கல்யாணப் படத்தையும்
நகர்த்த வேண்டியிருந்தது.
மணிக்கிரீடம் சூடிய மணப்பெண்
நூறு வருஷமாகச் சிரிக்காதவள்.
எனக்காகவும் சிரிக்கவில்லை.

குழாயில் பாசி,
சளி மாதிரி.
வாய் வைத்து ஊதினேன். கக்கியது.
"ஆச்சு தவுக்கே. எண்பது வெள்ளி."

தவுக்கேக்கு என்னைவிட வயது குறைவு.
பெயர் தேய்க் பெங்,
முழங்கையில் ஒரு பூனையைப் பச்சை குத்தியிருந்தான்.
கல்லாவைத் திறந்தான், எண்ணினான், மூடினான்.
"அம்பது தரேன் போஸ். மிச்சத்துக்குச் சாப்பிடு."

முப்பது வெள்ளி என்பது
என் கணக்கில் மூன்று நாள் நாசி கண்டார்.
மற்ற மேசைகளில் எல்லாம் ரிசர்வ் அட்டை.
நான் சரிசெய்த ஏ.சி.க்கு அடியிலேயே
உட்கார்ந்தேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

மெனுவில் முதலில் கண்ணில் பட்டது
கறி.
பக்கத்தில் கப்பித்தான்.
நம் வீட்டுச் சொல்
எந்தக் கப்பலில் எப்போது ஏறியதோ,
நேரே கப்பித்தான் அருகில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதைக் கேட்டிருக்கலாம்.
கீழே பெருட் ஈக்கான் என்றிருந்தது.
மீன் வயிறு.
என் வயிறு ஒருமுறை யோசித்தது.
"வயிறு கொஞ்சம்தான்," என்றான் தேய்க் பெங்,
"பாக்கியெல்லாம் இலை."

இலைதான். நூலைவிட மெலிதாக அரிந்த இலை.
காடோக் என்றான்.
பார்க்க வெற்றிலை, கடித்தால் வெற்றிலை இல்லை.
பாக்கின் பெயரை வைத்துக்கொண்ட தீவில்
வெற்றிலைக்கு ஒரு சித்தி மகள்.
புளிக்கு நடுவே, எங்கிருந்தென்று தெரியாமல்,
புங்கா காந்தான் மணம்.
மூன்று கரண்டிக்குப் பிறகு
இது மீனா தோட்டமா என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆறாம் மேசைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள்.
ஒருத்திக்குப் புளிப்பு தூக்கல்.
மற்றவளுக்குப் போதவில்லை.
எங்கள் வீட்டில், என்றாள் ஒருத்தி.
உங்கள் வீட்டிலா, என்றாள் மற்றவள்.
அதற்குமேல் ஹொக்கியனில் வேகமாகப் போனது.

சமையலறைக் கதவு ஆடும்போதெல்லாம் தெரிந்தான்
அரிகிற பையன்.
பர்மாக்காரன், மின் தூ.
ஒற்றைக் காதில் பாட்டு,
இலைகளைச் சுருட்டுபோல் இறுக்கிச் சுருட்டி
கத்தியைத் தூக்காமலே நகர்த்துகிறான்.
கடைசியில் விரல்நுனியால் நக்கிப் பார்த்து
உப்பை முடிவுசெய்வது அவன்தான்.
ஆறாம் மேசைக்கு அது தெரியாது.

சுவரில் எழுதியிருந்தது:
பெரானாக்கான் என்றால் இங்கே பிறந்தவர்.
நானும் இங்கேதான்,
பாலிக் பூலாவ் ஆஸ்பத்திரியில், மழை நாளில்.
எனக்கு என்ன பெயர் என்று
அந்தச் சுவரில் எழுதவில்லை.
மின் தூவுக்கும்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது
சோற்றின் நடுவில்
ஒரு சொட்டு.

நிமிர்ந்தேன்.
தேய்க் பெங்கும் நிமிர்ந்தான்.
கூரையை இருவரும் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்க்காமல்.
இரண்டாவது சொட்டு
மீன் வயிற்றில்.
"தண்ணி விட்டா புளிப்பு சரியாயிடும்," என்றான்.
ஆறாம் மேசை சிரித்ததா தெரியவில்லை,
என் காது சூடாகிவிட்டது.

அம்பது வெள்ளித் தாளை எடுத்து
அச்சார் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன்.
மறுபடி ஏணி, மறுபடி பூச்சாடி,
மறுபடி அந்த மணப்பெண்.
வளைவுக்கு அப்பால் இன்னோர் அடைப்பு இருந்திருக்கிறது,
நான் பார்க்காதது.
வாய் வைத்து ஊதினேன்.
குழாய்க்குள் போய்த் திரும்பிய என் மூச்சில்
காந்தான் பூ.

மேலிருந்து பார்த்தால்
மின் தூ ஈரக் கையோடு வெளியே வந்து,
ஒன்றும் சொல்லாமல்,
என் தட்டின்மேல்
ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகிறான்.