ஏனைய தகைமைகள்

கஸ்தூரியார் வீதிக் கொப்பிக் கடையில
நான் நாலு தரம் பிறந்தன்,
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெளிறி.
"மை குறைவு, ஆனா எழுத்து விளங்கும்"
எண்டான் கடைப் பெடியன்.

மூண்டு கிழமையா இதுதான் வேலை.
கிராம சேவகர் செவ்வாயும் வியாழனும்தான் இருப்பார்.
நான் புதன்கிழமை போனன்.
படத்தில காது தெரியவேணுமாம், திரும்ப எடுத்தன்.
அதிபரின்ர நற்சான்றில
"ஒழுக்கமானவர், அமைதியானவர்."
அமைதியோ?
பத்தாம் வகுப்பில மேசைக்கு மேல ஏறி நிண்டு
கத்தினதை அவ மறந்திட்டா போல.
திருத்தித் தாங்கோ எண்டு கேக்கேல்லை.

உயிரியல் பி. இரசாயனவியல் சி. பௌதிகவியல் எஸ்,
அதுவும் ரெண்டாந்தரம் எடுத்து.
போன வருசமும் இதே மாதிரி ஒரு படிவம்,
இதே பேனை.
பதில் வராமலே ஒரு மாரி போனது.
இந்த முறை நல்லூரில ஆங்கில வகுப்பு,
முதலுதவிச் சான்றிதழ் ஒண்டு.
ரப்பர் பொம்மையின்ர நெஞ்சை
மூண்டு நாளா அமத்தினன்.
பொம்மை பிழைச்சுதோ தெரியாது.
சான்றிதழ் கிடைச்சது.

பிறகு பதின்மூன்றாம் கூடு:
"ஏனைய தகைமைகள், இருப்பின் குறிப்பிடுக."
ரெண்டு விரல் அகலம்.

சீனி வருத்தம். அப்பாவின்ர இடது பெருவிரலடி
வாய் திறந்து பதினொரு மாதம்.
விடிய அஞ்சு மணிக்கு,
குருநகர்க் கரையில வள்ளங்கள் வந்து முட்டமுதல்,
கிளினிக்கில மிஸ்ஸி காட்டித் தந்தபடி
சேலைன் ஊத்தி, நடுவிலயிருந்து வெளியால துடைச்சு,
கோஸ் வைச்சுக் கட்டுவன்.
வெளியிலயிருந்து நடுவுக்கு ஒருநாளும் இல்லை.
மணத்தை வைச்சே சொல்லுவன்
இண்டைக்கு நல்லமோ கூடாதோ எண்டு.
அவர் கூரைத் தகரத்தைப் பாத்துக்கொண்டு
நண்டு விலை கதைப்பார்.
விரல் போனது. கால் நிண்டது.

இதை ஆர் உறுதிப்படுத்துவினம்?
எந்தச் சமாதான நீதவான் முத்திரை குத்துவார்?
"தந்தையாரைப் பராமரித்துள்ளேன்" எண்டு எழுதினன்.
உண்மைதான்,
ஆனா பொய் மாதிரிக் கிடந்தது.
வெட்டினால் ஊத்தை. வேற படிவம் எடுத்தன்.
முதலுதவிச் சான்றிதழின்ர இலக்கத்தை எழுதினன்.
கூட்டுக்குள்ள வடிவா அடங்கினது.

கடைசி நாள், பெரிய தபாற்கந்தோர்.
வரிசையில எனக்கு முன்னால சாரங்கா,
கொக்குவிலிலயிருந்து மினிபஸ்ஸில வந்தவள்,
என்னைவிட ரெண்டு பாடத்தில கூட.
"ஒருக்காப் பாரடி, எல்லாம் சரியோ?"
ஒட்டாத உறையை நீட்டினாள்.
வடிவான எழுத்து. இணைப்புகள் எல்லாம் ஒழுங்கு.
கடைசிப் பக்கத்தில, திகதிக்குப் பக்கத்தில,
கையொப்பம் இல்லை.

மேல காத்தாடி சுத்தினது.
உள்ளுக்கு ஆரோ முத்திரை குத்துற சத்தம்.
இடங்கள் எத்தனை எண்டு எனக்குத் தெரியும்.
ஒரு மூச்சு எடுத்து விடுற நேரம்
ஒண்டும் சொல்லாமல் நிண்டன்.
ஒரு மூச்சு பெரிசில்லை.
பொம்மைக்கு எண்டால் அதுக்குள்ள
ஆறேழு தரம் அமத்தலாம்.

"கையெழுத்து வைக்கேல்லையடி."
"ஐயோ" எண்டு சிரிச்சாள். என்ர பேனையை வாங்கி,
என்னைத் திருப்பி,
என்ர முதுகில வைச்சே போட்டாள்.
சட்டைக்குள்ளால அவளின்ர பேர்
எழுத்தெழுத்தாய் எனக்கு விளங்கினது.

பதிவுத்தபால் துண்டுகளை
போன் கவருக்குள்ள செருகிக்கொண்டு
பஸ் நிலையத்தடியில சர்பத் குடிச்சம்.
காசு அவள் குடுத்தாள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால்
தலையை இழுத்துக் கட்டி
கதிரை நுனியில இருப்பன்.
ஏன் தாதியாக விருப்பம் எண்டதுக்கு
ஆயத்தமாய் ஒரு மறுமொழி இருக்கு.
புண் துடைக்கிற திசையைக் கேட்டால்
யோசிக்காமல் சொல்லுவன்.
அந்த ஒரு மூச்சைக் கேக்க மாட்டினம்.
கேட்டாலும்
எந்தக் கையால எழுத?