கூழ்

பழைய விளக்கு நாற்பது நொடி கேட்கும்.
புதுசுக்குப் பத்தே போதும் என்று
விற்றுவிட்டுப் போனார் சேலத்துக்காரர்.
சுடுமா என்று நான் கேட்கவில்லை.
வெளிச்சம்தானே.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் சாலை,
பஞ்சர் கடைக்கு மேல்மாடி என் கிளினிக்.
ஜூன் மாதம். மாம்பழ லாரி போகும்போதெல்லாம்
தட்டில் கருவிகள் லேசாய்க் கிலுங்கும்.

திம்மராயன் வந்தார். மாங்கூழ் ஆலையில் பாய்லர் வேலை.
கீழ்க் கடைவாயில் குழி, ஆழம்.
முன்பற்களில் போர்த்தண்ணீர் வரைந்த பழுப்புக் கோடுகள்;
இந்தப் பக்கம் அதைச் சொல்லிக்கொண்டு
யாரும் படியேறி வருவதில்லை.
ஊசி வேண்டாம் என்றார்.
ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். மரத்த வாயோடு
சூப்பர்வைசரிடம் பேச முடியாது.

சொத்தை சுரண்டிய இடத்தில் மிச்சம்
வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு சுவர்.
அதற்கு அந்தப் பக்கம் பற்கூழ்.
மாங்கூழ், கேழ்வரகுக் கூழ், பற்கூழ் என்று
மூன்றையும் ஒரே சட்டியில் ஊற்றிவிட்டது தமிழ்.
மூன்றில் ஒன்றை மட்டும்
அடுப்பில் வைக்கக் கூடாது.

நசீமா ஆரஞ்சுத் தகட்டைப் பிடித்தாள்.
நீலம் விழுந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று…
ஆறில் அவர் இடது கை எழுந்தது,
வால்வை மூடப் போகிறவர் கை மாதிரி
அவசரமில்லாமல்.

துப்பிவிட்டுச் சொன்னார்:
"சுடுதுங்க மேடம்."
"லைட்டுதாங்க. கூசுறது அப்படித் தெரியும்."
"கூச்சம் தெரியாதுங்களா எனக்கு? இது சூடு.
எங்க கெட்டில்ல ரெண்டு டிகிரி ஏறினா
முள்ளைப் பார்க்காமயே சொல்லிருவேன்."

கையுறையைக் கழற்றி
என் கட்டைவிரல் நகத்தில் வைத்து எண்ணினேன்.
எட்டில் இழுத்துக்கொண்டேன்.
நசீமா சிரிக்கவில்லை.

இந்த விளக்கு மார்ச்சில் வந்தது.
மார்ச்சிலிருந்து எத்தனை வாய்.
ஊசி போட்டு நானே ஊமையாக்கிய பற்கள்
சுட்டதை எந்தக் கையைத் தூக்கிச் சொல்லும்?
பர்கூர் டீச்சர் ஒருவர் போன் செய்திருந்தார்,
அடைத்து ஒரு வாரம், ராத்திரியில் விண்விண் என்கிறது என்று.
பழைய வலி, போய்விடும் என்றேன்.
அவர் நம்பினார். அதுதான்.

மறுபடி சாய்ந்தார் திம்மராயன்.
மெல்லிசாய் ஒரு அடுக்கு.
குறைந்த வெளிச்சம். ஐந்து நொடி.
இறுகும்போது பசையும் தன் பங்குக்குச் சுடும்;
காற்றடித்தேன்.
காத்திருந்தேன், கீழே டயரைத் தட்டும் சத்தம் கேட்டபடி.
மறுபடி ஐந்து.
அவர் கை வயிற்றின் மேலேயே கிடந்தது.
ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து வாயைத் துடைத்தவர் கேட்டார்:
"டீ எப்போ குடிக்கலாம்?"
"இப்பவே குடிக்கலாம்" என்றேன்.
அவர் படியிறங்கும் வரை பொறுத்து
டீச்சர் நம்பரைத் தேடச் சொன்னேன் நசீமாவிடம்.