நானூற்றுப் பன்னிரண்டு

வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரி, இரண்டாம் வார்டு.
சிஸ்டர் காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றைக் கையில் தந்தார்.
"பிடுங்காதே லோகநாயகி, வழித்தெடு.
பிடுங்கினால் விஷப்பை உள்ளேயே பிழிந்துவிடும்."

முதுகில் தொடங்கினேன்.
கடுகு தெறித்த கேழ்வரகுக் களிபோல்
வீங்கிக் கிடந்தது அது.
தோள் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது,
தெரியவில்லை.

எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
கொழுந்து நிறுத்த வீட்டுப் பிள்ளை நான்.
எடை தப்பினால் கூலி தப்பும்.
கை தானாக எண்ணிற்று.

நூறுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.
நூற்று நாற்பதில் பேச்சு வந்தது.
லான்ஸ் நாயக் சோலைக்காளை, கமுதிப் பக்கம்.
பக்காசுரன் மலைக்குப் போகும் தேயிலைப் பாதை,
முதுகில் இருபது கிலோ,
பாறை நெற்றியில் ஏழு அடை.
எவனாவது விசில் ஊதினானா,
பருந்து வந்து அடையைக் கிழித்ததா,
விசாரணையில் இன்னும் கேட்கிறார்கள்.
வானம் இரைந்தது என்றார்.
ஓடு என்பதுதான் உத்தரவு.
எல்லாரும் ஓடினார்கள், அவரும்தான்.
கீழே ஓடைக்கரையில் தலை எண்ணினால்
முப்பத்தேழு.
இருக்க வேண்டியது முப்பத்தெட்டு.

"அந்தப் பையன் உங்க சிநேகிதனா?"

"நரசிம்மலுவா? அனந்தப்பூர்க்காரன்.
பாலிஷ் டப்பா கடன் வாங்கி ரெண்டு மாசமாச்சு.
திருப்பித் தரலை.
அவன்கிட்ட நான் பேசுறதே இல்லை."

இருநூற்று ஆறு. இருநூற்று ஏழு.

"தூக்கிட்டு வந்திருக்கலாமே?"
"கால் பாறையிடுக்குல மாட்டிக்கிச்சு.
மழைக்கோட்டு ஒண்ணுதான்.
ஒரு ஆளுக்கு வெட்டினது."
அவ்வளவுதான் சொன்னார்.
மீதியை முதுகு சொல்லிற்று:
கோட்டு பையன்மேல்,
கோட்டின்மேல் இவர்,
இவர்மேல் முக்கால் மணி நேரம்
மலை.

காதுக்குள் பதினொன்று.
இமையில் நான்கு; அதைச் சிஸ்டர்தான் எடுத்தார்.
நானூற்றுப் பன்னிரண்டில் கார்டு வழுக்கிக்கொண்டு போயிற்று,
வேறொன்றும் தட்டவில்லை.

கொட்டிய தேனீ பிழைக்காது.
வெள்ளைக் கிண்ணத்தில் அத்தனை சாவு.
இதை வைத்து யாராவது உவமை சொல்லலாம்.
நான் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆபீசிலிருந்து ஹவில்தார் படிவத்தோடு வந்தார்.
எதிரியின் நடவடிக்கையா? இல்லை.
ஆயுதக் காயமா? இல்லை.
வாகன விபத்தா? இல்லை.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
அப்புறம் எழுதினார்:
பூச்சிக்கடி.

சாயங்காலம் சிறுநீர்
கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தது.
இந்த மலையில் பிறந்து
அந்த நிறத்துக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.
டாக்டர் போனில் கத்தினார்.
கோயம்புத்தூருக்கு வண்டி கிளம்பியபோது
காட்டேரி வளைவில் பஞ்சுமூட்டையாய்ப் பனி,
பின்விளக்கு இரண்டு தரம் தெரிந்தது,
மூன்றாம் வளைவில் தெரியவில்லை.

மறுநாள் நரசிம்மலு நொண்டிக்கொண்டு வந்தான்.
அவன் உடம்பில் முப்பத்துநான்கு, அதையும் நான்தான் எடுத்தேன்.
காலிக் கட்டிலைப் பார்த்தான்.
பெட்போர்டு கடையில் வாங்கிய டப்பாவை
அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனான்.
தினமும் தூசி தட்டும்போது
டப்பாவைத் தூக்கி அதே இடத்தில் வைப்பேன்.
வேறு நோயாளி வந்தான், போனான்.
டப்பாவை யாரும் தொடவில்லை.
அவரைப் பற்றிக் கேட்டால்
"மெஷின்ல இருக்கார்" என்றார்கள்.
கொஞ்ச நாளில் நான் கேட்பதையும் விட்டேன்.

இருபத்துமூன்றாம் நாள்
கண் மஞ்சளித்து, சட்டை தொளதொளத்து,
நடந்தே வந்து அதே கட்டிலில் உட்கார்ந்தார்.
கதவோரம் நரசிம்மலு, ஒரு கால் கட்டோடு,
சல்யூட் வைப்பதா வேண்டாமா என்று கை பாதியில்.

சோலைக்காளை டப்பாவைத் திறந்தார்.
முகர்ந்து பார்த்தார்.
மூடினார்.

"டேய். இது பழுப்பு.
நம்ம பூட்சு கறுப்பு."

"மாத்தித் தரேன் ஓஸ்தாத்."

"ரெண்டு மாசம் ஆக்கிடாதே."