அன்புடன், ஒலிவியா

கடை திறந்ததும் முதல் வேலை
ஒலிவியாவை அழிப்பது.

இலவசமாக இறக்கிய அழைப்பிதழ் எல்லாவற்றிலும்
அவள்தான் மணப்பெண்.
யூகலிப்டஸ் இலைகளுக்கு நடுவே
தங்கநிறச் சாய்வெழுத்தில் இருப்பாள்,
பக்கத்தில் ஜேம்ஸ்.
எப்போதும் ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, மாலை நாலு மணி.
ராகுகாலம் பார்க்கத் தெரியாத குடும்பம்.

ஆறு தட்டில் அவள் போய்விடுவாள்.
அந்த இடத்தில் உச்சிமாகாளி என்று அடித்தால்
பெட்டி கொள்ளாது.
எழுத்தைச் சிறுசாக்கினால் எறும்பு ஊர்கிறது,
பெருசாக்கினால் ‘ளி’ மட்டும் தனியே இறங்கி
ஜேம்ஸின் தலையில் உட்காருகிறது.

சில மென்பொருளுக்குத் தமிழே ஆகாது.
என் பெயரையே கொடுத்துப் பார்த்தேன், சொர்ணத்தாய் என்று.
கொம்பு ச-வைத் தாண்டி வந்து
காலோடு சேர்ந்து நிற்கிறது,
வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட விருந்தாளி மாதிரி.

ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு
இன்னும் பதினோரு தவணை பாக்கி.
அது வெட்டும், அவ்வளவுதான்.
சுழிக்குள் இருக்கிற துணுக்கை
ஊசிமுனையால் நான்தான் எடுக்க வேண்டும்.
ஒலிவியாவுக்கு மொத்தமே இரண்டு குழி.
‘இசக்கியண்ணன் டீ ஸ்டால்’ முடிக்க
ஒரு மணி நேரம், கூடவே கழுத்துவலி.

பனை வேண்டுமென்று தேடினேன் ஒருநாள்.
கடற்கரையில் சாய்ந்த தென்னைகள் நாற்பது பக்கம் வந்தன,
அடியில் குடை, கூலிங்கிளாஸ்.
கருக்கு உள்ள மட்டை ஒன்றுகூட இல்லை.
பத்தமடை ரோட்டில் பஸ் நின்றபோது
ஜன்னல் வழியே எடுத்த படத்தை அடியில் வைத்து
மவுசாலேயே வரைந்தேன்.
இருநூற்றுப் பதினாலு புள்ளி.
தொட்டால் கை கிழியும்படி இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை. ஃபோல்டரில் கிடந்தது.

ஆவணியில் மேலச்செவல் பிரமாச்சி
மகள் சடங்குக்கு
மடிப்பு அட்டை இருநூறு சொன்னாள்.
கரண்ட் போய்ப் போய் வந்த நாள்.
முன்பக்கம் அவள் மகள் பெயரை மூன்று தடவை சரிபார்த்தேன்.
பின்பக்கத்து மூலையில், பொடி எழுத்தில்,
‘அன்புடன், ஒலிவியா’ இங்கிலீஷில் இருந்ததைப்
பிரமாச்சிதான் பார்த்தாள்.

“யாருட்டி இவ?”

சொன்னேன்: மாதிரிக்குப் போடுற பேரு, அக்கா.

“எம் மவ சடங்குக்கு அன்பு சொல்ல
இவளுக்கு என்ன பாத்தியதை?”

நியாயமான கேள்வி.
ராத்திரியோடு ராத்திரியாக வேறு இருநூறு அடித்தேன்.
நட்டம் ஆயிரத்து நூற்று நாற்பது.
பழைய கட்டு மேசைக்கடியில்
காலில் இடித்துக்கொண்டே கிடந்தது.

பில் புத்தகத்தின் பின்தாள்களில்
நான் எழுதி வைத்தவை இருபத்து மூன்று.
கவிதை என்று சொன்னால் சிரிப்பார்கள், சொன்னதில்லை.
ஐப்பசி மழையில் ஆள் வராத ஒரு வாரம்
அவற்றை உள்ளங்கை அளவுப் பக்கங்களில் ஊற்றினேன்.
நாலின் மடங்காக வேண்டும். ஒரு பக்கம் குறைந்தது.
குறையட்டும் என்று வெள்ளையாகவே விட்டேன்.

மேலட்டைக்குக் காசு இல்லை,
மேசைக்கடியில் இருநூறு இருந்தது.
பிரமாச்சி மகள் பெயர்மேல்
பனையை வெட்டி ஒட்டினேன்,
கறுப்பு வினைல், கருக்கு கருக்காக.
அதன் கீழே என் பெயர்.
கொம்பைத் தனியே வெட்டி
இடப்பக்கம் கொண்டுவந்து
கையாலேயே ஒட்டினேன், அறுபது தடவை.
சிலதில் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

விலை நாற்பது ரூபாய்.

லேமினேஷனுக்கு வந்த பிரமாச்சி
ஒன்றைக் கையில் எடுத்தாள்.
நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
முப்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப்
பின்னட்டையைத் திருப்பினாள்.

“இவ இன்னும் போவலியா?”