மைனஸ் எழுபத்தெட்டு

ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம்.
ஷார்ஜா, தேஜான், ஆர்ஹுஸ்: மூன்று முத்திரை.
மூளைக்குள் மருந்து நுழைந்தால் வரும் லாபத்தை
யார் யார் எப்படிப் பங்கிடுவது என்று
பதினேழாம் பிரிவில் ஐந்து உட்பிரிவுகள்.
மருந்து இன்னும் நுழையவில்லை.

பெட்டி வியாழன் மாலை
துபாய் கார்கோ வில்லேஜில் இறங்கியது.
ஒரு கையெழுத்து குறைகிறது என்றார்
கிளியரிங் ஏஜென்ட் ஷிஹாபுத்தீன்.
இருபது வருடமாகக் குறைகிற கையெழுத்துகள்
அவர் குரலில் கேட்டன.

ஷார்ஜாவுக்கு மூன்று நாள் விடுமுறை.
துபாய்க்கு இரண்டரை.
கொரியாவுக்கு இரண்டு.
டிரை ஐஸுக்கு விடுமுறை கிடையாது.
நாளுக்கு மூன்று கிலோ, அது பாட்டுக்குக்
காற்றாகிக்கொண்டிருக்கும்.
போட்டது எட்டு கிலோ. பயணம் இரண்டு நாள்.
கணக்கு எனக்கு நன்றாக வரும்.

உள்ளே பன்னிரண்டு குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் கொத்தமல்லி விதையளவு தெளிந்த நீர்.

அந்தச் சுவரைப் பற்றி:
மூளையின் ரத்தக்குழாயில் செல்கள்
தையல் தெரியாமல் தைத்ததுபோல் ஒட்டி நிற்கின்றன.
மணல் புகாத ஜன்னலை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.
நுண்ணோக்கிக்கு அடியில்தான் பார்த்தேன்.
சர்க்கரைக்கு அங்கே வாசல் உண்டு.
இரும்புக்கு உண்டு.
காபி வாசலே கேட்பதில்லை, நேரே போகும்.
எங்கள் மருந்து,
ஆயிரம் அனுப்பினால் ஒன்று.

ஆகவே மருந்துக்கு ஒரு கை வைத்தோம்,
இரும்பின் வாசலைப் பற்றிக்கொண்டு உள்ளே போக.
நான்கு வருடம்
இன்னும் இறுகப் பிடிக்கும் கையைத் தேடினோம்.
இறுக்கம் நல்லதென்று யாருக்குத்தான் தோன்றாது?
பிடித்தது. விடவில்லை.
பிடித்த கதவோடு சேர்த்து
செல் அதையும் தின்றுவிட்டது.
நூற்று அறுபது எலிகள்.

எனக்கு இரவு எட்டு, அவளுக்கு ஒரு மணி.
திரையில் கொட்டாவியை மறைத்தபடி சூ-யோன் சொன்னாள்:
பிடியைத் தளர்த்திப் பார்ப்போமா?

தளர்ந்த கை வேறு மூலக்கூறு,
வேறு காப்புரிமை, வேறு பங்கு என்றார்கள் வக்கீல்கள்.
ஏழு மாதம்
யாரும் எதையும் விடவில்லை.

அந்தத் தளர்ந்த கைதான் பெட்டிக்குள்.

வெள்ளி மதியம். நாற்பத்தாறு டிகிரி.
இண்டஸ்ட்ரியல் ஏரியா பதின்மூன்றில்
தொழுகை நேரத்துத் தெரு காலி.
ஐஸ்கிரீம் கிடங்கில் லோக்ராஜ் மட்டும்,
கம்பளிக் குல்லாயோடு.
பத்து கிலோ டிரை ஐஸ் வேண்டும் என்றேன்.
எதற்கு மேடம்?
எலிக்கு மருந்து.
என் இந்தியில் அது எலி மருந்தாகிவிட்டது.
ஓ, என்று தலையாட்டி
ஒரு கிலோ கூடுதலாக அள்ளிப் போட்டார்,
அவர் அறையிலும் எலித் தொல்லையாம்.

கார்கோவில் அதிகாரி
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பெட்டியை வெளியே விட முடியாது.
பனிக்கட்டியை உள்ளே விடக் கூடாதென்று
எங்கும் எழுதவில்லை, என்றார் ஷிஹாபுத்தீன், மெதுவாக.
மூடியைத் தூக்கினேன்.
அடியில் இரண்டு கைப்பிடி வெண்புகை
மிச்சமிருந்தது.

ஆறு வாரம் கழித்து
ஆம்னா இருட்டறையில் எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
என்னையும் எண்ணச் சொல்லி, நம்பாமல்,
மூன்றாம் முறை எண்ணினாள்.
ஆயிரத்தில் இருபத்திரண்டு.
கறுப்பில் பச்சைப் புள்ளிகள்,
விமானத்திலிருந்து பார்க்கும் பாலைவன ஊர் மாதிரி,
அங்கொன்றும் இங்கொன்றும்.

படம் யாருக்குச் சொந்தம் என்று
ஆர்ஹுஸிலிருந்து அன்றிரவே கடிதம்.

காலி தெர்மாகோல் பெட்டியைக்
கேட்டிருந்தார் லோக்ராஜ். கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எலி செத்ததா மேடம்?
மூளையைப் பார்க்க வேறு வழியில்லை.
செத்தது, என்றேன்.
அப்படியானால் நல்ல மருந்து, என்று
மனமாரச் சிரித்தார்.